காய்ந்த புல்லில் ஐந்து விரல்

தாய் மரத்தின் புதுத் துளிர் ஊசி ஊசியாக வந்திருந்தது.

ஆரஞ்சு இலை என்றால் உள்ளங்கையில் வைத்தவுடன் ஒரு சின்னத் தோணிபோல உட்கார வேண்டும். இது பல் குத்தக்கூடத் தேறாது. கணுவுக்குக் கணு இடைவெளியே இல்லாமல் கொத்துக் கொத்தாக, நுனி வெளுத்து, யாரோ ஒவ்வொரு கிளையின் உச்சந்தலையிலும் கை வைத்து அமுக்கியதுபோல் நின்றது. வீட்டில் முடிச்சு என்று பேர் வாங்கியிருந்தவள் ஒரு கொத்தை விரலால் பிரித்துப் பார்த்தாள். சட்டென்று விட்டுவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

மண் கலக்கும் கொட்டகையின் தூணுக்குப் பின்னால் அவளுடைய கணவன் நின்றிருந்தான். அவனும் அந்தக் கொத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பியதும் மண்வெட்டியை எடுத்து, ஏற்கனவே கலந்து முடித்த மண்ணை மறுபடியும் மும்முரமாகக் கலக்கத் தொடங்கினான்.

அந்த நேரத்தில் இரண்டு பேரும் மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றேதான்: இது நான் செய்த வேலை. ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அடுத்த வாரம் சான்று கொடுக்கும் அதிகாரி வருகிறார். வருடம் தவறாமல் வந்து, தாய் மரத்தைச் சுற்றிப் பார்த்து, இலையைப் புரட்டி, பழம் இருந்தால் நறுக்கிச் சுவைத்து, ‘இந்த மரத்திலிருந்து மொட்டெடுத்து ஒட்டுக் கட்டலாம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தச் சான்று இருந்தால்தான் நர்சரி. பைகளில் வரிசை வரிசையாக நிற்கும் ஆரஞ்சுக் கன்றுகள் அத்தனையும் அந்த ஒரு மரத்தின் பிள்ளைகள். தாய்க்கு நோய் என்று எழுதிவிட்டால் பிள்ளைகளை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். வாசல் பலகையைக் கழற்றி அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

அது சாதாரண மரமில்லை. அதன் பழத்தை ஒரு முறை கொத்திய கிளி ஒன்று வேறு எந்தத் தோட்டத்துக்கும் போக மனமில்லாமல் நர்சரி வாசலிலேயே குடியிருந்து, கிழடுதட்டி, கடைசிக் காலத்தில் வாடிக்கையாளர்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் கிளியை விட்டுவிடலாம். ஆனால் தோல் கையோடு கழன்று வரும், கொட்டை தேடினாலும் கிடைக்காது, சாறு முழங்கை வரை ஓடும் என்பதை நம்பித்தான் ஆக வேண்டும். அது அதிகாரி கையெழுத்துப் போட்ட விஷயம்.

முடிச்சு செடி கொடிகளோடு வளர்ந்தவள் அல்ல. பார்சல் ஆபீசில் கட்டுப் போடுகிற வேலை பார்த்தவள். நீள மேஜை, சணல் கயிறு, பசை டப்பா, தலைக்கு மேல் முனகுகிற மின்விசிறி. அவள் போட்ட கட்டு அவள் அவிழ்த்தால்தான் உண்டு. ஒரு தடவை பார்சல் லாரி ஆற்றில் கவிழ்ந்தது. மற்ற சாமான்களெல்லாம் கரைந்தும் உடைந்தும் போக, அவள் கட்டிய பெட்டி மட்டும் மிதந்துபோய், சேர வேண்டிய ஊரிலேயே சரியாகக் கரையொதுங்கியது என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் நானும் ஒருத்தி.

அந்த ஆபீசுக்குத்தான் அவன் கன்றுக் கட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தான். மண் மூட்டை தூக்கித் தூக்கியே தோள் அகன்றுபோனவன். வீட்டில் அவனுக்கு மூட்டை என்றே பேர். ஒவ்வொரு முறையும் கட்டு அவிழ்ந்துதான் வரும்.

“வழியில அவுந்துபோச்சுங்க. கொஞ்சம் கட்டிக் குடுக்கிறீங்களா?”

ஜன்னல் வழியாக அவள் ஒரு நாள் பார்த்துவிட்டாள். வாசலில் வண்டியை நிறுத்தி, அக்கம் பக்கம் பார்த்து, அவனே உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“இனிமே அவுத்துட்டு வராதீங்க. கயிறு வீணாகுது,” என்றாள். “சொல்ல வந்ததைக் கட்டோடவே வந்து சொல்லுங்க.”

சொன்னான். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்கு வந்த அன்றே அவனுடைய அக்கா, “இத்தனை வருஷமா இந்த மூட்டை வாயைப் பொளந்துகிட்டுக் கெடந்துச்சு. இப்பத்தான் முடிச்சு வந்திருக்கு,” என்றாள். அதோடு இயற்பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

காட்டு எலுமிச்சைக் கன்றின் தண்டைக் கீறி, அந்தக் கீறலுக்குள் தாய் மரத்தின் மொட்டு ஒன்றைச் செருகி, நாடாவால் சுற்றிக் கட்ட வேண்டும். அதுதான் ஒட்டு. வேர் காட்டு எலுமிச்சையுடையது, தலை ஆரஞ்சுடையது. கத்தி பிடிக்க யாரும் கற்றுக்கொள்ளலாம், கட்டுதான் சூட்சுமம். இறுகினால் மொட்டு நெரிந்துபோகும், தளர்ந்தால் காய்ந்துபோகும். முடிச்சின் விரலுக்கு அந்த அளவு பார்சல் ஆபீசிலேயே படிந்திருந்தது. சில வருடங்களில் ஒட்டுக் கத்தி அவளிடம் வந்து சேர்ந்தது. அவன் மண்ணையும் பையையும் பார்த்துக்கொண்டான். அக்கா ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பைகளில் மண் நிரப்பிக்கொண்டே உலகத்திலுள்ள எல்லோரையும் குறை சொன்னாள். வீடு நன்றாகவே நடந்தது.

தாய் மரமும் ஒட்டுக் கட்டியதுதான். ஆகவே அடியிலிருக்கும் காட்டு எலுமிச்சை வேர் சும்மா கிடக்காது. மழை பெய்ததும் மண்ணைப் பிளந்துகொண்டு முள்ளும் முரடுமாகப் போத்து, அதாவது பக்க முளை, விடும். அதை வளரவிட்டால் தாய்க்குப் போகிற சோற்றை அது தின்றுவிடும். மண்டியிட்டு, தாழ்ந்த கிளைகளுக்கடியில் புகுந்து, ஒவ்வொரு போத்தையும் கையால் பிடுங்கியாக வேண்டும். அது மூட்டையின் வேலை. களைமருந்து அடிக்கிற மெஷின் அந்த மரத்தின் பக்கமே போகக் கூடாது என்பது முடிச்சு போட்ட சட்டம்.

இந்த மழைக்கு மூட்டையின் இடுப்பு மக்கர் செய்தது. குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. வெளியே சொன்னால் அக்கா ஊரைக் கூட்டிவிடுவாள். ரொம்ப யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். சட்டம் மெஷினைப் பற்றித்தானே? ரப்பர் கையுறை போட்டு, அதற்கு மேல் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டி, சாக்ஸைக் களைமருந்தில் நனைத்துப் பிழிந்து, போத்துகளின் இலையை மட்டும் தடவிவிட்டான். பூனையைத் தடவுகிற மாதிரி. தாய் மரத்தின் மேல் ஒரு சொட்டுப் படவில்லை என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கிழக்குப் பக்கம் முடித்து, தெற்கு முடித்து, வடக்கையும் முடித்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. சாக்ஸை உருவிப் போட்டுவிட்டு, மருந்து ஊறிய கையுறைக் கையைப் புல்லில் ஊன்றி எழுந்து, மேற்குப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

இலை குடித்த களைமருந்து இலையோடு நிற்காது. இறங்கி வேருக்குப் போகும். போத்துக்கென்று தனி வேர் ஏது? அது முளைத்ததே தாயின் வேரிலிருந்துதான். கடைக்குட்டியின் வாயில் ஊற்றியது மூத்தவளின் வயிற்றுக்குப் போகிற ஏற்பாடு. போத்துகள் கருகியபோது மூட்டை சந்தோஷப்பட்டான். இப்போது தாய் மரத்தின் துளிர் ஊசியாக வந்த பிறகுதான் விஷயம் மண்டையில் உறைத்தது.

முடிச்சின் கதை வேறு. போன வருடம் அவள் மொட்டுக்காக மரத்தை அதிகமாகவே வெட்டிவிட்டாள். பூவே வரவில்லை. “அடுத்த வருஷம் நான் பழத்தைக் கண்ணால பாக்கணும்மா,” என்று அதிகாரி அழுத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பூ வரவழைக்க ஒரு மருந்து உண்டு. கிளை நீள்வதை அடக்கி, மரத்தின் தெம்பைப் பூவின் பக்கம் திருப்பிவிடும். அடிமரத்தைச் சுற்றி மண்ணில் ஊற்றுவார்கள். மரத்தின் குடை எவ்வளவு அகலமோ அதற்குத் தக்க அளவு. முள்ளுக்குள் நாடா பிடித்து அளக்கச் சோம்பல்பட்டு, தரையில் விழுந்த நிழலைக் காலடியால் அளந்தாள் முடிச்சு. வெயில் சாய்ந்த நேரம். அந்த நேரத்தில் பூனை நின்றாலே புலி நிழல் விழும். நிழல் காட்டிய அளவுக்கு மருந்தைக் கலந்து ஊற்றிவிட்டாள். மறுநாள் உச்சி வெயிலில் அதே நிழல் மரத்தடியில் சுருங்கிக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் அளவு தப்பியது தெரிந்தது.

அந்த மருந்து கிளையை மட்டும் அடக்காது, வேரையும் அடக்கும். வேர் நீளாமல் குட்டையாகத் தடிக்கும். மண்ணில் விழுந்தால் இலேசில் போகவும் போகாது, வருடக்கணக்கில் தங்கும். ஆக, ஒருத்தி வேரின் காலைக் கட்டிப்போட்டாள். ஒருத்தன் கட்டிப்போட்ட காலில் நெருப்பை வைத்தான். இரண்டின் அடையாளமும் மேலே ஒன்றுபோலவே தெரிந்தது: கணு நெருங்கிய குட்டைக் கொத்து.

ஊசித் துளிரைப் பார்த்த அன்றைக்கே முடிச்சு வைத்தியத்தைத் தொடங்கினாள், தன் குற்றத்துக்கு மட்டும். ஊற்றியதைக் கழுவிவிடலாம் என்று குழாயைத் திறந்து மரத்தடிப் பாத்தியில் தண்ணீரை நிறுத்தினாள். கிளையை நீள வைக்கிற இன்னொரு மருந்தை வாங்கிவந்து இலைமேல் தெளித்தாள்.

“தண்ணி தேங்கி நிக்குது,” என்றான் மூட்டை. “வேர் மூச்சு முட்டிப் போயிடும்.”

“எனக்குத் தெரியும். போயி உங்க மண்ணப் பாருங்க.”

“இல்ல… ஒருவேளை வேற ஏதாச்சும் காரணமா இருந்தா?”

“என்ன காரணம்?”

அவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தான்.

போகிற வழியில்தான் அவன் அதைக் கண்டான். மரத்தைச் சுற்றிலும் மழையில் பச்சைப்பசேலென்று புல். கிழக்கும் வடக்கும் சேருகிற இடத்தில் மட்டும் வைக்கோல் நிறத்தில் ஒரு கை. ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கை பதிந்து, வரைந்து வைத்ததுபோல் ஒரு கை. சிறு வயதில் கதவில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரல் உட்பட. தச்சன் அளவெடுத்துச் செதுக்கியிருந்தாலும் இத்தனை பொருத்தமாக வராது. வேர்வை வழிய அவன் வாசலிலிருந்து ஒரு ரோஜாத் தொட்டியைத் தூக்கிவந்து அந்தக் கையின் மேல் வைத்தான்.

சாயங்காலம் தொட்டி மறுபடியும் வாசலில் இருந்தது.

“யாருடா அதை மரத்தடியில வெச்சது?” என்றாள் அக்கா. “நெழல்ல வெச்சா ரோஜா பூக்குமா?”

“அது… அழகா இருக்கட்டும்னு.”

“உனக்கு எப்பலேர்ந்துடா அழகு பாக்கத் தெரிஞ்சுது?”

அவன் அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். காலையில் அவள் திரும்ப எடுத்துவந்தாள். அந்த வாரம் அந்த ரோஜா நடந்த தூரத்துக்கு அதற்குச் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கலாம். ஒவ்வொரு முறை தொட்டி நகர்ந்தபோதும் அவனுக்கு உயிர் போய் வந்தது. அக்காவின் கண்ணுக்குப் புல் படவில்லை, தொட்டிதான் பட்டது. ஆனால் துவைக்கிற இடத்தில் வேறொன்று அகப்பட்டது.

“சாக்ஸ் ஒண்ணுதான் இருக்கு. ஜோடி எங்கடா?”

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்க்கா.”

“எலிக்கு ஒத்தக் காலா?”

முடிச்சு சிரிக்கவில்லை. அவள் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்து போனாள். ஜன்னலோரம் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடியில் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. அத்தனை பாடுபட்டு வரவழைத்த பிஞ்சுகள். தண்ணீரும் தெளிப்பும் ஒன்றும் செய்யவில்லை. புதிதாக வந்த கொத்து முந்தியதைவிட வெளுப்பாக இருந்தது. மேற்குப் பக்கத்துக் கிளை ஒன்று மட்டும் நீண்டு, மற்றவற்றோடு சேராமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் காலையில் அவள் கடப்பாரையோடு போனாள். கிழக்குப் பக்கத்தில் மண்ணைப் பறித்தாள். மூட்டை தொட்டியின் அருகே நின்றுகொண்டான், காவல்காரனைப் போல. அக்கா மரப்பெட்டியோடு வந்து நிழலில் உட்கார்ந்தாள்.

மண்ணுக்கடியில் வந்த வேரைப் பார்த்து முடிச்சு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். நூல் நூலாக ஓட வேண்டிய வேர், இஞ்சிக் கிழங்குபோல் மொட்டை மொட்டையாக நின்றது. விரலால் உருவினாள், தோல் கழன்று கையோடு வந்தது.

“போச்சு,” என்றாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள். “நான்தான் இதக் கொன்னுட்டேன்.”

மூட்டை திடுக்கிட்டான். நான் செய்ததை இவள் ஏன் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள்? தெரிந்துதான் சொல்கிறாளா? தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாளா?

அவள் எழுந்தாள். “ஏணிய எடுங்க. இவ்வளவு கொஞ்ச வேரு இவ்வளவு பெரிய தலையத் தாங்காது. தலையக் கொறைக்கணும். பாதிக்குப் பாதி. நாளைக்கு அதிகாரி வந்ததும் நடந்ததைச் சொல்லிடுறேன். சான்று போனாப் போகட்டும், மரமாச்சும் இருக்கட்டும்.”

“எந்தப் பக்கம் வெட்டப் போற?”

“அந்த மேக்குக் கிளையத்தான் முதல்ல. அது ஒண்ணுதான் தறிகெட்டு நீண்டு நிக்குது.”

மூட்டை ஏணியைச் சாத்தினான். அவள் ஏறினாள். அவன் பிடித்துக்கொண்டான். ரம்பம் கிளையில் பதிந்தது. கரகரவென்று ஒரு இழுப்பு. இன்னொன்று. மரத்தூள் அவன் தலைமேல் விழுந்தது, பச்சை வாசனையோடு. ஈரமான, உயிருள்ள கிளையின் வாசனை. மேற்குக் கிளை ஏன் நீண்டிருக்கிறது என்று அந்த வாசனையில்தான் அவனுக்குப் புரிந்தது. அந்தக் கிளைக்குச் சோறு போடுகிற வேர் அவன் தொடாத வேர். மரத்தில் உருப்படியாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதைத்தான் அவள் அறுத்துக்கொண்டிருக்கிறாள்.

“நிறுத்து.”

“ஏணியக் கெட்டியாப் பிடிங்க.”

“நிறுத்துன்னு சொல்றேன்ல! அதை வெட்டாத. அந்தப் பக்கம் நான் தடவல.”

ரம்பம் நின்றது. “என்ன தடவல?”

மூட்டை ஏணியை விட்டான். போய், தொட்டியைத் தூக்கி அப்பால் வைத்தான்.

அவள் மேலேயிருந்து பார்த்தாள். மேலிருந்து பார்க்கும்போது அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பச்சைக்கு நடுவில் ஒரு காய்ந்த கை, அவளைப் பார்த்து விரித்து வைத்திருந்தது. அக்கா பெட்டியைவிட்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தாள்.

“சுண்டுவிரலப் பாரு. என் தம்பியேதான்,” என்றாள்.

முடிச்சு இறங்கினாள். ஒவ்வொரு படியாக. ரம்பம் கிளையிலேயே தொங்கியது. அவள் குரல் மிகவும் சன்னமாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“மெஷினக் கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்.”

“கொண்டுவரல.”

“அப்ப என்னத்தக் கொண்டுவந்தீங்க?”

“சாக்ஸ்.”

“எலி!” என்றாள் அக்கா.

“போத்து எலையத்தான் தடவினேன். மரத்து மேல ஒரு சொட்டு…” அவன் இடுப்பில் கை வைத்தான். “இடுப்பு முடியல. சொன்னா வேலைக்கு ஆகாதவன்னு நெனைப்பியோன்னு… துளிரப் பாத்தப்பவே சொல்லியிருக்கணும். நீ தண்ணி விட்டப்பவாவது சொல்லியிருக்கணும்.”

“ஒரு வாரம். ஒரு வாரமா நான் எது எதையோ ஊத்திக்கிட்டு இருக்கேன், நீங்க ரோஜாவத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கீங்க.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பறித்த குழியில் அந்த இஞ்சி வேர் தெரிந்தது. களைமருந்து வேரைச் சாகடிக்கும், தடிக்க வைக்காது. அந்தத் தடிப்பு அவளுடையது. குழியோரம் உட்கார்ந்து அந்த வேரைத் தொட்டுக்காட்டினாள்.

“நானும் பூ மருந்த அளவுக்கு மேல ஊத்திட்டேன். நெழல அளந்தேன். சாயங்காலம்.”

மூட்டை நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.

“ஒருத்தி நெழல அளந்தா, ஒருத்தன் சாக்ஸால தடவினான்! இந்த மரம் இன்னும் நிக்கிறதே உங்க ரெண்டு பேருக்கும் பயந்துதான்!”

முடிச்சின் கண் மேற்குக் கிளையில் இருந்தது. ரம்பம் பதிந்த காயத்திலிருந்து சாறு கசிந்தது. அந்தக் கிளையின் இலை அகலமாக, தோணிபோல் இருந்தது. அவள் ஒரு வாரமாகப் பார்த்த இலைதான். இப்போதுதான் அது ஏன் அப்படி என்று தெரிந்தது. இந்தப் பக்கத்து வேர் பூ மருந்தைத்தான் குடித்திருக்கிறது, களைமருந்தைக் குடிக்கவில்லை. ஒன்றை மட்டும் என்றால் தாங்கிக்கொள்கிறது. அவள் ஏணியில் ஏறி ரம்பத்தை மெல்ல உருவி எடுத்து, காயத்தில் மெழுகைப் பூசிவிட்டு வந்தாள்.

“வேரு செத்துச்சுன்னா வேற வேரு குடுக்கணும்,” என்றாள்.

“வேரக் குடுக்க முடியுமா?”

“அங்க என்ன நிக்குது?”

கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக நின்றன, ஒட்டுக்குக் காத்திருக்கும் காட்டு எலுமிச்சைக் கன்றுகள். முள்ளும் முரடுமாக, ஆளாளுக்குத் தனி வேரோடு.

அதன் பிறகு யாரும் யாரையும் திட்ட நேரமில்லை. மருந்து கலந்த மண்ணை அடிமரத்தைச் சுற்றித் தோண்டி வெளியேற்ற வேண்டும். அதுவும் மிச்சமிருக்கிற வேர் அறுந்துவிடாமல், கையால். மூட்டை மண்டியிட்டான். இடுப்பு பிடித்துக்கொண்டபோது படுத்துக்கொண்டே தோண்டினான். முள் சட்டையைக் கிழித்தது, முதுகைக் கீறியது. “அந்த மண்ணுல ஒரு பிடிகூடப் பைக்குப் போகக் கூடாது. கன்னெல்லாம் குள்ளமாப் போயிடும்,” என்றாள் முடிச்சு. அக்கா புது மண் கலந்து கூடை கூடையாகத் தந்தாள். வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை.

செழிப்பான கன்றுகளாகப் பொறுக்கி, அடிமரத்தைச் சுற்றிச் சாய்த்து நட்டார்கள். பிறகு முடிச்சு கத்தியை எடுத்தாள். பழைய ஒட்டுக்கு மேலே, தாய் மரத்தின் பட்டையில் ஒரு நீளக் கீறல். கன்றின் நுனியை ஒரு பக்கமாகச் சீவி, அந்தக் கீறலுக்குள் பட்டையோடு பட்டை படும்படி செருகினாள். கன்றின் வேர் இனித் தாய்க்கு வேர். பிடித்தால் அப்படி, பிடிக்காவிட்டால் காய்ந்த குச்சி. கடைசியில் கட்டு. கன்றையும் மரத்தையும் சேர்த்து அவள் நாடாவால் சுற்றினாள். மூட்டை நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவள் தட்டிவிடவில்லை. இருட்டுவதற்குள் மரம் ஊன்றுகோல்களின் நடுவே நிற்கிற நோயாளியைப் போலாகிவிட்டது.

மறுநாள் அதிகாரி அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மரத்தைப் பார்த்து நின்றார். பிறகு சுற்றி வந்தார். இலையைப் புரட்டினார். குனிந்து கட்டுகளைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். யாரும் தொட்டியை அங்கே வைத்திருக்கவில்லை.

“இது யாரு கை?”

மூட்டை கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்துப் பையனைப் போல.

முடிச்சு எல்லாவற்றையும் சொன்னாள். நிழலையும் விடவில்லை. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். அவர் எழுதத் தொடங்கியதும் மூன்று பேரும் பேனாவையே பார்த்தார்கள். மரத்தில் ஒரு பறவை கத்தியது அக்காவுக்கே எரிச்சலாக இருந்தது.

“நோய்னு எழுதிட்டீங்களா?” என்று முடிச்சு கேட்டாள்.

“நோய்க்கு இந்தப் படிவத்துல ஒரு கட்டம் இருக்கும்மா. உங்க ரெண்டு பேருக்கும்தான் கட்டமே இல்ல.” அவர் நிமிர்ந்தார். “சான்ற ரத்து பண்ணல. நிறுத்தி வெக்கிறேன். களைமருந்து வேருல இருக்கிற வரைக்கும் இந்த மரத்துல ஒரு மொட்டுகூட எடுக்கக் கூடாது.”

“மேக்குக் கிளையிலயுமா?”

“அதுலயும் வேண்டாம். ஒரே அடிமரம்தானே? மரம் முழுக்கச் சுத்தமாத் துளிர் வரட்டும், அப்பக் கூப்பிடுங்க. முன்னாடி கட்டின கன்னுங்களுக்குத் தடையில்ல, வித்துக்கலாம்.” தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டே கட்டுகளை இன்னொரு முறை பார்த்தார். “இது பிடிக்கலேன்னா துளிர் வராது. தெரியும்ல?”

“தெரியும்.”

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. செய்வதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதைத் தவிர. தெற்குப் பக்கத்துக் கன்று ஒன்று காய்ந்தது. இன்னொன்று காய்ந்தது. முடிச்சு அவற்றைப் பிடுங்கி, புதிதாக நட்டுக் கட்டினாள். வடக்குக் கிளை ஒன்று பட்டுப்போனது. அதை வெட்டியபோது மூட்டை கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டான். மரத்தடியில் புதிதாகப் போத்து விட்டால் இப்போதெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் தொடுகிறான். “இது போத்தா, நாம நட்டதா?” என்று சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்துவந்து கேட்பான். இடுப்புக்கு ஒரு வார்ப்பட்டை வாங்கி மாட்டிவிட்டார்கள். அக்கா அதைக் கட்டிவிடும்போதெல்லாம், “எலி வருது, வழி விடுங்க,” என்பாள்.

மழை ஓய்ந்து வெயில் திரும்பிய ஒரு காலையில் அக்கா மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள். கிழக்குப் பக்கத்துக் கிளையில், ஊசிக் கொத்துக்கு நடுவிலிருந்து, புதுத் துளிர் ஒன்று நீண்டிருந்தது. முடிச்சு இலையைப் பறிக்கவில்லை. உள்ளங்கையை அதற்கு அடியில் நீட்டினாள். இலை அதில் உட்கார்ந்தது. சின்னதுதான், ஆனாலும் தோணி.

அவள் குனிந்து, அந்தக் கிளைக்குக் கீழே கட்டியிருந்த கன்றை விரலால் மெல்ல அசைத்தாள். அசையவில்லை. மரமும் கன்றும் சேருகிற இடத்தில் நாடாவைத் தள்ளிக்கொண்டு சதை புடைத்திருந்தது.

“பிடிச்சிருக்கா?” மூட்டை அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “கொஞ்சம் அவுத்துப் பாக்கட்டுமா?”

“நீங்க எதையும் அவுக்க வேண்டாம்,” என்றாள் முடிச்சு. “அந்தப் பழக்கம் பார்சல் ஆபீசோட போகட்டும்.”

அக்கா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “டேய், இங்க வா. உன் கட்டைவிரல் முளைச்சிருக்குடா,” என்றாள்.